வலம்புரி வேறு, சுழல் வேறு

“ஆடியில் பட்டுத் திரும்பும் ஒளியின் கைத்தன்மை மாறும், தற்சுழற்சி மாறாது.”

கங்காதர நெல்லூரில் என்னிடம் இயற்பியல் படிக்க வரும் மாணவி ஒருத்தி இந்த வரியைத் தேர்வில் எழுதினாள். திருத்தியவர் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் ‘இரண்டும் ஒன்றுதானே’ என்று எழுதி, மதிப்பெண்ணையும் குறைத்துவிட்டார். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. போட்டித் தேர்வுக் கையேடு, கல்லூரிக் குறிப்பு, அறிவியல் காணொளி என்று எதைத் திறந்தாலும் இதே கருத்துதான் கிடைக்கிறது. அது தவறு. எங்கே தவறு, ஏன் தவறு என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கருத்தை அதன் முழு பலத்தோடு எடுத்து வைக்க வேண்டும். வட்டத் தளவிளைவு பெற்ற ஒளியில் மின்புலம் கடிகார முள்போலச் சுற்றிக்கொண்டே முன்னேறுகிறது. ஒரு பக்கம் சுற்றினால் வலக்கை ஒளி, மறுபக்கம் சுற்றினால் இடக்கை ஒளி. ஒவ்வொரு ஃபோட்டானும் தான் போகும் திசையையே அச்சாக வைத்துச் சுற்றும் பம்பரம். அந்தச் சுற்றுதான் தற்சுழற்சி, சுற்றின் பக்கம்தான் கைத்தன்மை. பம்பரம் சுற்றிக்கொண்டே போவதால் ஒளியின் ஆற்றலும் திருகாணிபோலத் திருகிப் போகிறது. ஆகவே கைத்தன்மை, தற்சுழற்சி, ஆற்றலின் திருகல் மூன்றும் ஒரே பொருளின் மூன்று பெயர்கள். இதுதான் அவர்கள் சொல்வது.

இதற்குப் பெரிய பரம்பரையும் உண்டு. இயந்திரத்திலிருந்து நீளும் சுழல்தண்டை உவமையாக வைத்து, வட்டத் தளவிளைவு ஒளிக்குக் கோண உந்தம் இருக்க வேண்டும் என்று 1909இல் சொன்னவர் பாயிண்டிங். பிளாங்க் விதியை வருவித்தபோது எஸ்.என்.போஸுக்கு 2 என்ற ஒரு பெருக்கல் எண் தேவைப்பட்டது. ஃபோட்டான் தன் பயணத் திசையை அச்சாகக் கொண்டு இரண்டு விதமாகச் சுழலலாம் என்பதே அந்த இரண்டுக்குக் காரணம் என அவர் கருதினார். சி.வி.ராமனும் பகவந்தமும் 1931இல் கல்கத்தாவில் சிதறிய ஒளியின் தளவிளைவை அளந்து, ஃபோட்டானின் தற்சுழற்சிக்கு அதைச் சான்றாக வெளியிட்டார்கள். 1936இல் பிரின்ஸ்டனில் பெத், குவார்ட்ஸ் இழையில் தொங்கிய தகட்டை ஒளியாலேயே திருப்பிக் காட்டினார். இவர்களில் யாரும் தவறு செய்யவில்லை. ஒரே திசையில் போகும் ஒரு கற்றையைப் பற்றித்தான் அவர்கள் பேசினார்கள். ‘ஒரே திசை’ என்ற அந்த நிபந்தனையைப் பின்னால் வந்தவர்கள் உதிர்த்துவிட்டு, மீதியைப் பொது விதியாக்கிவிட்டார்கள்.

1. ஆடி எதைத் திருப்புகிறது, எதைத் திருப்பவில்லை?

அந்த மாணவி தன் வரியை எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. தியேட்டரில் தந்த 3டி கண்ணாடியை வீட்டில் மாட்டிக்கொண்டு, நிலைக்கண்ணாடி முன் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்திருக்கிறாள். மூடிய கண் வில்லைக்குப் பின்னால் தெளிவாகத் தெரிந்தது. திறந்திருந்த கண்ணுக்கு முன்னால் இருந்த வில்லையோ கன்னங்கரேலென்று நின்றது. வட்டத் தளவிளைவு வகைக் கண்ணாடி கையில் இருந்தால் யாரும் இப்போதே செய்து பார்க்கலாம்.

காரணம் எளிது. ஒவ்வொரு வில்லையும் ஒரு கைத்தன்மை கொண்ட ஒளியை மட்டுமே விடும். திறந்த கண்ணின் வில்லை வழியாக வெளியே போன ஒளி, அந்த வில்லை ஏற்கும் கைத்தன்மையோடுதான் போகிறது. ஆடியில் பட்டதும் கைத்தன்மை மாறிவிடுகிறது. திரும்பி வந்தால் அதே வில்லை அதை உள்ளே விடுவதில்லை.

இனி ஆடியின் பரப்பில் நடப்பதைப் பாருங்கள். உலோகப் பரப்பில் வரும் ஒளியின் மின்புலத்தைத் திரும்பும் ஒளியின் மின்புலம் ஒவ்வொரு கணமும் ஈடுகட்டியாக வேண்டும். வருவது எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அதே பக்கம் சுற்றினால்தான் ஈடுகட்ட முடியும். ஆகவே அறையில் நிற்கும் ஒருவர் நிலையான ஓர் அச்சை வைத்துப் பார்த்தால், சுற்றும் பக்கம் மாறவே இல்லை. தற்சுழற்சி அப்படியே இருக்கிறது. போகும் திசை மட்டும் நேர் எதிராகிவிட்டது. கைத்தன்மை புரண்டது அதனால்தான்.

நம்ப முடியாதவர்கள் ஒரு துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனைகளையும் இருவர் அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். மூன்றாமவர் நடுவில் பிடித்து ஒரே பக்கமாக முறுக்கட்டும். அவருக்கு வலப்புறம் உள்ள பாதியில் ஒரு விதமான புரி ஏறும், இடப்புறப் பாதியில் அதற்கு நேர்மாறான புரி ஏறும். முறுக்கிய கை ஒன்று, விழுந்த புரி இரண்டு. கயிற்றின் புரியை எந்த முனையிலிருந்து பார்த்தாலும் அதே புரிதான். வலம்புரிச் சங்கைத் தலைகீழாகப் பிடித்தாலும் அது இடம்புரி ஆவதில்லை. சுழலும் சக்கரம் அப்படியில்லை. முன்னால் நின்றால் வலமாகச் சுற்றுவது பின்னால் போய்ப் பார்த்தால் இடமாகச் சுற்றும். புரிக்குத் திசை கிடையாது. சுழலுக்கு அச்சும் உண்டு, திசையும் உண்டு. ஒளியின் கைத்தன்மை புரி வகையைச் சேர்ந்தது. இனி அதைப் புரி என்றும், தற்சுழற்சியைச் சுழல் என்றும் சொல்கிறேன்.

பெத் செய்த சோதனையும் இந்தப் பக்கம்தான் சாட்சி சொல்கிறது. அவருடைய அரையலைத் தகடு புரியையும் புரட்டியது, சுழலையும் புரட்டியது. அதனால் தகட்டின் மேல் திருப்புவிசை விழுந்தது. ஆடியும் புரியைப் புரட்டுகிறது, ஆனால் நேராக வந்து விழும் ஒளி ஆடியைத் துளியும் திருப்புவதில்லை. இரண்டும் ஒன்றென்றால் ஆடியும் திரும்பியிருக்க வேண்டாமா?

2. சர்க்கரைப் பாகுக்குத் தெரிந்தது கையேட்டுக்குத் தெரியவில்லை.

எங்கள் பக்கம் கரும்புக் கழனியும் வெல்லம் காய்ச்சும் கொட்டகையும் உள்ள பூமி. கரும்புச் சாறு ஆலைக்குப் போனால் அங்கே ஆய்வுக்கூடத்தில் அதைப் போலாரிமீட்டரில் வைத்துச் சர்க்கரையின் அளவைப் பார்ப்பார்கள். 100 மில்லிலிட்டரில் 10 கிராம் சர்க்கரை கரைத்து, 20 சென்டிமீட்டர் குழாயில் ஊற்றி, நேர்கோட்டுத் தளவிளைவு பெற்ற சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியை விட்டால், அதன் தளவிளைவுத் தளம் 13.3 பாகை வலப்புறம் திரும்பும். வெட்டிய கரும்பை நாள்கணக்கில் போட்டுவைத்தால் சர்க்கரை உடைந்து இந்தத் திருப்பம் குறையும் என்பது ஆலைக்காரர்களுக்குப் பழகிப்போன செய்தி.

அந்தக் குழாயின் மறுமுனையில் ஓர் ஆடியை வைத்து ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புங்கள். போகும்போது திரும்பிய 13.3 பாகையும் வரும்போது கழிந்துபோகும். தளம் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். இப்போது சர்க்கரைப் பாகை எடுத்துவிட்டு, காந்தப்புலத்தில் வைத்த கண்ணாடித் துண்டை அந்த இடத்தில் வையுங்கள். 1845இல் ஃபாரடே கண்ட விளைவு இது. காந்தப்புலத்தில் தளம் திரும்பும். ஒளியைத் திருப்பி அனுப்பினால் திருப்பம் கழிவதில்லை, இரண்டு மடங்காகிறது.

ஏன் இந்த வேறுபாடு? சர்க்கரை மூலக்கூறு புரியைப் பார்த்து நடத்துகிறது. வலம்புரி ஒளிக்கு ஒரு வேகம், இடம்புரி ஒளிக்கு இன்னொரு வேகம். நேர்கோட்டுத் தளவிளைவு ஒளி இவ்விரண்டின் கூட்டு என்பதால், ஒன்று முந்தினால் தளம் திரும்புகிறது. ஆடி புரியை மாற்றிவிடுவதால் போகும்போது முந்தியது வரும்போது பிந்துகிறது, கணக்கு நேராகிவிடுகிறது. காந்தத்துக்குப் புரி ஒரு பொருட்டே இல்லை. தன் புலத்தின் திசையை வைத்து ஒளி எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதை மட்டுமே அது பார்க்கிறது. ஆடி சுழலை மாற்றாததால் போகும்போது முந்தியதே வரும்போதும் முந்துகிறது. இயற்கையே இரண்டுக்கும் தனித்தனி அளவுகோல் வைத்திருக்கிறது. பாகும் காந்தமும் பிரித்துக் காட்டும் இரண்டை ஒன்றென்று எழுதுவது எந்த நியாயத்தில் சேரும்?

3. ஒன்று இருக்க மற்றது இல்லாமல் போகுமா?

போகும். ஒரே நிறமும் ஒரே வலிமையும் ஒரே புரியும் கொண்ட இரண்டு கற்றைகளை எதிரெதிராக விடுங்கள். சுழல்கள் எதிரெதிர் என்பதால் கழிந்துபோகும். எந்த இடத்தில் பார்த்தாலும் மின்புலம் சுற்றாது. ஒரு கோட்டில் முன்னும் பின்னும் ஆடும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கோடு இடத்துக்கு இடம் சிறிது சிறிதாகத் திரும்பி, நீளவாக்கில் ஒரு புரியாக நிற்கும். புரி முழுதாக இருக்கிறது, சுழல் பூஜ்யம், ஆற்றல் பாய்வும் பூஜ்யம். அசையாமல் கிடக்கும் கயிறு அது.

அடுத்து எதிர்ப்புரி கொண்ட இரண்டு கற்றைகளை எதிரெதிராக விடுங்கள். இப்போது மின்புலம் எல்லா இடத்திலும் ஒரே பக்கமாகச் சுற்றும், சுழல் கூடும். நீளவாக்கில் புரியே இல்லை.

இது காகிதத்தில் மட்டும் போட்ட கணக்கு இல்லை. லேசரால் அணுக்களைக் குளிர்விப்பவர்கள் இந்த இரட்டைக் கற்றை அமைப்பை அன்றாடம் கையாள்கிறார்கள். அந்தத் துறைக்கு 1997இல் நோபல் பரிசும் கிடைத்தது. அவர்கள் கற்றைகளுக்குப் பெயர் வைப்பது நிலையான ஓர் அச்சைச் சுற்றியுள்ள சுழலை வைத்துத்தான், புரியை வைத்து அல்ல. இரண்டையும் குழப்பினால் அவர்களுடைய சோதனை நடக்காது.

4. ஆற்றல் திருகிப் போகிறது என்றால், எங்கே திருகுகிறது?

மூன்று பெயர்களில் மிகப் பலவீனமானது இதுதான். எதிர்த்தரப்பு தனக்கு மிகவும் சாதகமாக நினைக்கும் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம்: எல்லையில்லாமல் விரிந்த, வட்டத் தளவிளைவு பெற்ற சமதள அலை. அதில் ஆற்றல் பாயும் திசையைப் பாயிண்டிங் வகுத்த முறைப்படி கணக்கிட்டால் அம்புபோல நேராகப் போகிறது. ஒரு பாகைகூடத் திருகவில்லை. சுழல் முழுதாக இருக்கும் இடத்திலேயே திருகல் இல்லை!

அப்படியானால் கோண உந்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். உண்மையான கற்றைக்கு ஓரம் உண்டு. ஒரே பக்கமாகச் சுற்றும் சிறு சக்கரங்களை நெருக்கி அடுக்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சக்கரங்கள் தொடும் இடத்தில் ஒன்று மேலே போனால் மற்றது கீழே போகிறது, கழிந்துவிடுகிறது. நடுவில் எங்கும் மிச்சம் இல்லை. வெளி வரிசைச் சக்கரங்களின் வெளி விளிம்பில் மட்டும் கழிக்க ஆளில்லாத ஓட்டம் தங்குகிறது. அது கற்றையின் ஓரத்தைச் சுற்றி வருகிறது. ஆற்றல் பாய்வில் தற்சுழற்சி தரும் பங்கு இதுதான். எவ்வளவு போகிறதோ அவ்வளவு சுற்றி வந்துவிடும். மொத்தத்தில் ஒரு ஜூலைக்கூட ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காது.

சேர்ப்பது இன்னொரு பங்கு. அதைச் சுற்றுப்பாதைப் பாய்வு என்கிறோம். அலையின் கட்டம் எந்தத் திசையில் மாறுகிறதோ அந்தத் திசையில் அது போகும். ஒளியில் மாட்டிய சிறு துகளை உந்தித் தள்ளுவதும் அதுதான். அலைமுகமே திருகுப் படிக்கட்டுபோல அமைந்த கற்றையில் இந்தப் பங்கு அச்சைச் சுற்றிச் சுழித்துக்கொண்டு போகிறது. 1992இல் லைடனில் ஆலனும் உடன் உழைத்தவர்களும் அப்படிப்பட்ட கற்றையின் கோண உந்தத்தைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். அதற்குத் தளவிளைவு எதுவாக இருந்தாலும் கவலையில்லை. நேர்கோட்டுத் தளவிளைவு பெற்ற, தற்சுழற்சியே இல்லாத ஒளியிலும் ஆற்றல் சுழித்துப் போகும்.

இதை நேரில் பார்த்தும் இருக்கிறார்கள். 1997இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒரு கற்றையின் சுழிப்பையும் சுழலையும் எதிரெதிராக வைத்தபோது, ஒளியை உறிஞ்சிச் சுற்றிக்கொண்டிருந்த துகள் நின்றுவிட்டது. மொத்தக் கோண உந்தம் பூஜ்யம், தளவிளைவோ முழு வட்டம். 2002இல் கிளாஸ்கோவில் துகளைக் கற்றையின் அச்சிலிருந்து தள்ளி ஓரத்தில் வைத்தார்கள். தற்சுழற்சி அதைத் தன்னைத்தானே சுற்ற வைத்தது. சுற்றுப்பாதைப் பாய்வு அதே துகளைக் கற்றையின் அச்சைச் சுற்றி வலம்வர வைத்தது. இரண்டு வேலைகளையும் கண்ணால் பிரித்துப் பார்த்த பிறகும் ‘எல்லாம் ஒரே திருகல்’ என்று எழுதுவதற்கு என்ன ஆதாரம் மிச்சம் இருக்கிறது?

5. பயணத் திசைதான் சுழலின் அச்சு என்று யார் சொன்னது?

முழு அக எதிரொளிப்பில் பட்டகத்தின் வெளிப்பரப்பை ஒட்டி, வெளியே தேய்ந்துகொண்டே ஓடும் ஓர் அலை உண்டு. மின்புலம் படுதளத்திலேயே இருக்கும்படி ஒளியை விட்டால், அந்த அலையில் மின்புலம் மாட்டுவண்டிச் சக்கரம்போல உருள்கிறது. அதன் அச்சு பயணத்துக்குக் குறுக்கே கிடக்கிறது. சுழல் உண்டு. புரி? உருளும் சக்கரத்துக்கு ஏது புரி?

அப்படியானால் புரிக்கும் சுழலுக்கும் உறவே இல்லையா? உண்டு, ஆனால் ஒன்றென்று சொல்லும் உறவு அல்ல. 1964இல் லிப்கின் என்பவர் மேக்ஸ்வெல் சமன்பாடுகளுக்குள் அழியாமல் காக்கப்படும் ஒரு புதிய அளவைக் கண்டார். அதற்கு என்ன பொருள் என்று தெரியாததால், ஒன்றுமில்லை என்று பொருள்படும் ஒரு பெயரையே அதற்கு வைத்தார். வலம்புரி, இடம்புரி மூலக்கூறுகள் ஒளியை வேறுவேறாக உறிஞ்சுவதை நிர்ணயிப்பது அந்த அளவின் அடர்த்திதான் என்று 2010இல் ஹார்வர்டில் டாங், கோஹன் இருவரும் காட்டினார்கள். அடுத்த ஆண்டு பிலியோக், நோரி இருவரும் உறவை முழுதாகத் தெளிவுபடுத்தினார்கள். ஒரே நிற ஒளியில் அந்த அடர்த்தி புரியின் அடர்த்தியோடு விகிதப்படுகிறது. அந்த அளவு பாய்கிறதே, அந்தப் பாய்வு தற்சுழற்சியோடு விகிதப்படுகிறது. அதாவது தற்சுழற்சி என்பது புரி இல்லை, புரியின் பாய்வு.

இந்த ஒரு வாக்கியத்தை வைத்து மேலே சொன்ன அத்தனையையும் திரும்பப் பாருங்கள். ஊருக்குள் வரவு வந்தாலும், ஊரின் கடன் வெளியே போனாலும் கணக்கு ஒன்றுதான். வலம்புரி கிழக்கே போவதும் இடம்புரி மேற்கே போவதும் அப்படி ஒரே பாய்வு. அதனால்தான் ஆடி புரியையும் புரட்டி, போகும் திசையையும் புரட்டி, தற்சுழற்சியை மட்டும் தொடாமல் விடுகிறது. எதிரெதிரே வரும் ஒரே புரிக் கற்றைகளில் அடர்த்தி கூடுகிறது, பாய்வு கழிகிறது. எதிர்ப்புரிக் கற்றைகளில் அடர்த்தி கழிகிறது, பாய்வு கூடுகிறது. ஒன்றென்று சொல்பவர்களுக்கு இவை ஒவ்வொன்றும் விதிவிலக்கு. பாய்வு என்று சொல்பவர்களுக்கு விதிவிலக்கே தேவைப்படுவதில்லை.

ஒரு வாதம் மிச்சம் இருக்கிறது. ‘ஒரே திசையில் போகும் கற்றையில் புரி தெரிந்தால் சுழல் தெரிந்துவிடும், மாணவர்களுக்கு அது போதும்’ என்பார்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தை ஏற்கிறேன், முடிவை ஏற்க முடியாது. எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, சித்தூர்–திருப்பதி சாலையில், காதங்கியில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகம் இருக்கிறது. அங்கே 1998 முதல் லிடார் வேலை செய்கிறது. 532 நானோமீட்டர் பச்சை லேசரை வானுக்கு அனுப்பி, திரும்பி வரும் ஒளியின் தளவிளைவு எவ்வளவு கலைந்திருக்கிறது என்று பார்த்து, மேலே இருப்பது நீர்த்துளியா பனித்துகளா என்று பிரிக்கிறார்கள். அங்கே அனுப்புவது நேர்கோட்டுத் தளவிளைவு ஒளி. அதே வேலையை வட்டத் தளவிளைவு ஒளியை வைத்துச் செய்ய நாளை என் மாணவர் ஒருவர் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உருண்டையான நீர்த்துளி ஆடிபோலவே நேர் பின்னால் திருப்பும், புரி மாறி வரும். ‘சுழல் மாறவில்லை, ஆகவே கைத்தன்மையும் மாறாது’ என்று படித்துவிட்டுப் போனவர் புரி மாறி வந்த ஒளி, மாறாமல் வந்த ஒளி என்ற இரண்டு அளவுகளையும் இடம் மாற்றி வைத்து, நீரைப் பனி என்பார், பனியை நீர் என்பார். வட்டத் தளவிளைவு சிக்னலுக்கு டிஷ் ஆன்டெனா அமைப்பவருக்கும் இதே கதிதான். கிண்ணம் புரியைப் புரட்டும் என்று தெரிந்து, குவியத்தில் எதிர்ப்புரி ஊட்டியை வைக்காவிட்டால் வர வேண்டிய சிக்னல் வராது. ஒரே திசைக் கற்றை என்ற பாதுகாப்பான உலகம் வகுப்பறைச் சுவரோடு முடிந்துவிடுகிறது.

பெயர்க் குழப்பம் வேறு இருக்கிறது. பழைய ஒளியியல் நூல்களில் வலக்கை என்பது ஒளி வரும் பக்கத்தைப் பார்த்து நின்று சொல்வது. ஆன்டெனாப் பொறியாளர்களின் வலக்கை என்பது ஒளி போகும் பக்கத்தைப் பார்த்துச் சொல்வது. ஒருவரின் வலம் மற்றவரின் இடம். நாம் வலம்புரி என்று கும்பிடும் சங்கை விலங்கியலார் இடஞ்சுழி என்று எழுதுவதுபோல. பெயரே இப்படி இரண்டுபட்டுக் கிடக்கும்போது, பொருளையாவது பிரித்துச் சொல்லிக் கொடுக்க வேண்டாமா?

அந்த விடைத்தாள் இப்போது என் மேசையில் இருக்கிறது. மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பம் எழுதிவிட்டோம். ஆதாரமாக அவள் இணைத்திருப்பது மூன்று வரி விளக்கமும், 3டி கண்ணாடி மாட்டி நிலைக்கண்ணாடி முன் நின்று எடுத்த ஒரு படமும். படத்தில் மூடிய கண் தெரிகிறது. கேமராவுக்கு முன்னால் பிடித்த வில்லை கறுப்பாக இருக்கிறது.